கை நனைக்காத தூதுக்குழு

நடந்தவை, வரிசையாக:

1. பெரியக்காவின் கல்யாணப் பேச்சில் எங்கள் சித்தப்பா துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன்பின் பல கிறிஸ்துமஸ்களுக்குப் பெரியக்கா எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

2. சின்னக்காவின் கல்யாணப் பேச்சில் அவர் கேட்டதையெல்லாம் கொடுத்தார். கொடுத்தவற்றில் என் ஆர்மோனியமும் ஒன்று.

3. என் கல்யாணப் பேச்சு வருவதற்குள், இனி எதையும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

4. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று. தேதி குறிப்பதற்கு முன்னால் பெண் வீட்டார் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து கை நனைக்க வேண்டும்.

5. சித்தப்பாவும் அப்பாவும் அம்மாவும் போனார்கள். இலை போட்ட பிறகு, இலையில் உட்காராமல் திரும்பி வந்தார்கள்.

6. அதோடு இரண்டு ஊருக்கும் பேச்சு நின்றது.

ஏழாவதாக எழுத வேண்டியது என் கல்யாணம் நிச்சயமானதா இல்லையா என்பது. அதற்கு முன்னால் சில விளக்கங்கள் தேவைப்படும்.

சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிகிறவரை யாரும் சாப்பிட மாட்டார்கள். காபி குடிக்கலாம், வெற்றிலை போடலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குத்தான் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்துவிட்டுப் பிறகு மாட்டேன் என்று சொன்ன குடும்பத்தை ராஜபாளையத்திலும் கேள்விப்பட்டதில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கேள்விப்பட்டதில்லை. வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானபோது எத்தனையோ வழக்கங்களை விட்டுவிட்ட எங்கள் குடும்பங்கள் இதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கின்றன.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அதனாலோ என்னவோ, மற்றவர்களின் கல்யாணங்களைப் பேசி முடிக்கும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ வாய்க்கால் சண்டை, வரப்புச் சண்டைகளைத் தீர்த்து வைத்தவர்தான். ஆனால் படித்த தம்பியின் முன்னால் வாய் திறக்க மாட்டார். "அவன் சரித்திரம் படிச்சவன்" என்பதோடு அப்பாவின் தரப்பு முடிந்துவிடும். அம்மா, சித்தப்பா இல்லாத நேரத்தில் அவரை வெளிநாட்டு மந்திரி என்று சொல்வாள். ஒருநாள் அவர் இருக்கும்போதே வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெரியக்காவின் கல்யாணம் நடந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். சித்தப்பா அப்போது கல்லூரி முடித்துப் புதிதாக வந்திருந்தார். முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஜெயித்த நாடுகள் வெர்சேல்ஸில் ஜெர்மனியை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஒப்பந்தத்தை எழுதி, கையெழுத்துப் போட மட்டும் கூப்பிட்டதை அவர் விரிவாகப் படித்திருந்தார். ஜெயித்தவன் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய அந்தக் காலத்து அபிப்பிராயம்.

எங்களுக்கும் ஜெயிக்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்களோடு பேசிக்கொண்டே இன்னொரு வீட்டிலும் பேசியிருந்தார்கள். அது வெளியே தெரிந்துவிட்டது. சித்தப்பா அவர்களைச் சபைப் பெரியவர்கள் முன்னிலையில் வருத்தம் தெரிவிக்க வைத்தார். பிறகு நிபந்தனைகள் போட்டார். கல்யாணம் எங்கள் கோயிலில். நடத்தி வைப்பது எங்கள் பாதிரி ஐயர். சமைப்பது எங்கள் ஆட்கள். நாள் எங்களுக்குச் சௌகரியமான நாள். கடைசியாக, மாப்பிள்ளை வீட்டாருக்கு இரண்டாம் பந்தி.

எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். இரண்டாம் பந்தியில் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியக்காவை அழைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளை அனுப்பவில்லை. அடுத்ததற்கும் அனுப்பவில்லை. காரணம் கேட்கப் போன அப்பாவுக்கு மரியாதையாகச் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள், இரண்டாம் பந்தியில். பெரியக்கா இப்போது சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள்: "கையெழுத்து வாங்கினது சித்தப்பா. நஷ்டஈடு கெட்டினது நானு."

சித்தப்பா பிடிவாதக்காரர், ஆனால் நேர்மையானவர். தம்முடைய தவற்றை அவர் ஒப்புக்கொண்டார், வகுப்பில். வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தின் கடுமைதான் ஜெர்மனியைக் கெடுத்தது என்று வருஷா வருஷம் பையன்களுக்குப் பாடம் நடத்தினார். அதற்கு நூறு வருஷம் முன்னால் வியன்னாவில் தோற்றுப்போன பிரான்சுக்கும் ஒரு நாற்காலி போட்டுப் பேசினார்கள், அந்தச் சமாதானம் எப்படி நிலைத்தது பாருங்கள் என்பார். இரண்டாம் பந்தியைப் பற்றி வகுப்பில் அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்தப் புதிய ஞானத்தோடு அவர் சின்னக்காவின் சம்பந்தத்துக்குப் போனார். யுத்தத்தைத் தவிர்ப்பதற்காக ஜெர்மனி கேட்டதைக் கொடுத்த மூனிச் ஒப்பந்தம் நடந்த அதே வருஷம் அது. மாப்பிள்ளை வீட்டார் தேதியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். அவர்கள் ஊர்க் கோயிலில் நடத்த வேண்டும் என்றார்கள், சரி என்றார். கறவை மாடு கேட்டார்கள். மாடு போன பிறகு கன்றைப் பிரித்து வைப்பது பாவம் என்றார்கள். அதில் நியாயம் இருந்ததால் கன்றும் போயிற்று. பிறகு தையல் மிஷின். "திருப்தியான ஆளு சண்டைக்கு வர மாட்டான் மதினி" என்று அம்மாவுக்கு விளக்கம் சொன்னார். அம்மா பாலுக்கு அடுத்த வீட்டுத் தெலுங்குக்கார அம்மாளிடம் சொல்லி வைத்துவிட்டு வந்து விளக்கத்தைக் கேட்டுக்கொண்டாள்.

கடைசியில், அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கிறது, பாட்டுக்கு ஆர்மோனியம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் ஆர்மோனியம் இருந்தது. அது என்னுடையது. ஞானஸ்நானத்தில் என்னை ஏந்திய ஞானத்தாய் எனக்கென்று விட்டுப்போனது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு மத்தியானம் அது வண்டியேறிப் போய்விட்டது. சாயங்காலம் வந்து, இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, சித்தப்பாவைப் பார்த்தேன். "எல்லாருக்கும் சமாதானமாப் போச்சு" என்றார். மூனிச்சில் செக்கோஸ்லோவாக்கியாவைப் பங்கு போட்ட மேஜையில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு இடம் தரவில்லை என்று பத்திரிகையில் படித்தபோது, அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் ஆர்மோனியத்தை வைக்க மேஜை கேட்டு ஆள் வந்தது.

பிறகு யுத்தம் வந்தது. நான் பள்ளிப்படிப்பை முடித்தேன். பெண்களுக்கென்று ஏற்படுத்திய துணைப்படைக்கு ஆள் எடுத்தபோது சேர்ந்துகொண்டேன். தந்தி, டெலிபோன் போர்டு, செய்திகளைப் பதிவு செய்வது ஆகியவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். யுத்தம் முடிந்து ராஜபாளையத்துக்குத் திரும்பியதும், மில்களுக்காக வைத்திருந்த சிறிய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்தது. காதில் ஹெட்போன், எதிரில் போர்டு. யார் யாரோடு பேச வேண்டுமோ அவர்களை இணைத்துவிட்டு, நடுவில் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அதை விடுவதாக இல்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா இதை முதலிலேயே சொல்லிவிடுவார். பாதிப் பேர் காபியோடு எழுந்துவிடுவார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் எழுந்திருக்கவில்லை. அவர் காட்டிலாகாவில் வேலை பார்ப்பவர். செண்பகத்தோப்பில் அவருக்குக் காவல். அப்பா சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும்? கடைசி பஸ்ஸுக்கு முந்தியா, பிந்தியா?" முந்தி என்றேன். சரி என்றார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. என் வேலையை ஒரு தடையாகப் பார்க்காமல், பஸ் நேரத்தோடு சேர்த்துப் பார்த்த முதல் மனிதர் அவர். எனக்கு அந்த இடம் முடிய வேண்டும் என்று இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொல்லாமலே தெரிந்தது.

அன்று அவரோடு வந்தது அவருடைய அப்பாவும் தாய்மாமனும். அவர் அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். அவர் அம்மா வரவில்லை, பிறகு வருவாள் என்றார்கள். எங்கள் பக்கத்து முறைப்படி பையனின் தாய் பெண் வீட்டுக்கு வந்து, பெண்ணின் கையில் சேலை கொடுத்தால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அதன் பிறகே சாப்பாடு. நாங்கள் காத்திருந்தோம். தாய் வரவில்லை. வந்தது, பேச வேண்டும் என்று ஹவில்தாரிடமிருந்து ஒரு செய்தி.

சித்தப்பா அதற்கு இடம் தேடினார். நம் வீடும் வேண்டாம், அவர்கள் வீடும் வேண்டாம், நடுநிலையான இடம் வேண்டும் என்றார். யோசித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தின் வெயிட்டிங் ரூம் என்று தீர்மானித்தார். அது ரயில்வேக்குச் சொந்தம், இரண்டு வீட்டுக்கும் சம்பந்தமில்லாதது. ஹவில்தார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து சேர்ந்து, "எந்த ஊருக்குப் புறப்பட்டிய?" என்று விசாரித்தாராம். சித்தப்பா நடுநிலையைப் பற்றிச் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பழத்தை எப்படியும் கையில் கொடுத்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்டார். நீங்கள் முதலில் வீட்டுக்கு வந்து கை நனைத்துவிட்டுப் போங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சித்தப்பா திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. வாழ்நாள் முழுதும் படித்தது இப்போது நேரில் வந்து நிற்கிறது என்கிற வெளிச்சம். சேலை வராமல் சோறா? நிபந்தனை தெரியாமல் கையெழுத்தா? குடையை எடுத்துக்கொண்டு மூனிச்சுக்குப் போய், கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்த அந்தப் பிரதமரின் கதை இதுதான் என்றார். இன்றைக்கு இதைக் கொடுத்தால் நாளைக்கு வேலையை விடச் சொல்வார்கள், அதற்கடுத்த நாள் மேஜை கேட்பார்கள் என்றார். மேஜை என்றபோது என்னைப் பார்க்கவில்லை.

ஆகவே போவது, ஆனால் கை நனைப்பதில்லை என்று முடிவாயிற்று. போகும் வழியில் பஸ்ஸில் அம்மாவுக்குக் கட்டளை: எந்த அபிப்பிராயமும் சொல்லக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாமா என்று அப்பா கேட்டார். சித்தப்பா யோசித்து, அண்ணாந்து குடித்தால் தவறில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

அங்கே நடந்ததைப் பற்றி எனக்கு இரண்டு அறிக்கைகள் கிடைத்தன. சித்தப்பாவின் அறிக்கை நீளமானது. மாப்பிள்ளையின் தாய் தம்மைக் கண்டு எழுந்திருக்கவே இல்லை. உள்ளறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாங்க என்றாள். ஜெயித்தவர்கள் தோற்றவர்களை வரவேற்கும் முறை அது. இலை போட்டதும் தாம் எழுந்து, சேலை வந்த பிறகு சாப்பிடுகிறோம் என்று சொன்னதாகவும், ஹவில்தார், "சரி, இலையை எடுத்துரச் சொல்லுதேன்" என்றதாகவும் சொன்னார். அப்பாவின் அறிக்கை சின்னது: "கறி நல்லா மணத்துச்சு."

அம்மாவிடம் யாரும் அறிக்கை கேட்கவில்லை. கட்டளை இன்னும் ரத்தாகவில்லை என்று அம்மாவும் பேசாமல் இருந்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நெருங்கிக்கொண்டிருந்தது. லெந்து நாட்களில் கோயிலில் கல்யாணம் கிடையாது. வத்திராயிருப்பிலிருந்து அவர்களுக்கு வேறொரு பெண் பேசி வருவதாகப் பஸ்ஸில் வந்த யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா அதை என்னிடம் சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கிய இடத்திலேயே திரும்பத் திரும்பப் பொறுக்கினாள்.

சித்தப்பாவோ வேறு உற்சாகத்தில் இருந்தார். சுதந்திரம் வரப்போகிறது என்பது நிச்சயமாகியிருந்த சமயம். இனி இந்த நாடு அயல்நாடுகளோடு எப்படிப் பழக வேண்டும், அதற்குப் பழைய ஒப்பந்தங்கள் என்ன கற்பிக்கின்றன என்று எங்கள் ஊர் வாசகசாலையில் பேச அவரைக் கேட்டிருந்தார்கள். சாயங்காலங்களில் எக்ஸ்சேஞ்சிலிருந்து நான் வந்ததும் என்னை உட்கார வைத்துப் பேசிப் பார்ப்பார். பேச்சின் சாரம் எளிது. சரித்திரம் கற்பிக்கும் பாடம் ஒன்றே, அது மூனிச், யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காதே.

நான் கேட்டேன், "மூனிச்சுல எதிர்ல இருந்தவனுக்கு என்ன வேணும்னு கடைசில தெரிஞ்சுதா சித்தப்பா?"

"தெரிஞ்சுதே. கண்ணுல பட்ட தேசமெல்லாம் வேணும்னு தெரிஞ்சுது."

"ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரவியளுக்கு என்ன வேணும்?"

"நாம குனியணும். அதான் வேணும்."

"அவிய சொன்னாகளா?"

"இதையெல்லாம் யாராவது சொல்லுவாகளா? நாமதான் புரிஞ்சுக்கிடணும்."

எங்கள் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது இதற்கு நேர்மாறானது. கம்பியில் ஒரு செய்தி வந்தால் புரிந்தது என்று சொல்லக் கூடாது. வந்ததை அனுப்பியவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ஆமாம் என்ற பிறகுதான் அது செய்தி. அதற்கு முன்னால் அது நம் ஊகம். இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். டெலிபோனுக்குச் சரி, ராஜதந்திரத்துக்கு ஒத்துவராது என்றார்.

அவருடைய வாதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. முதல் கல்யாணத்தில் அவர் வெர்சேல்ஸைக் கண்டு வியந்தார். இரண்டாவதில் வெர்சேல்ஸுக்குப் பயந்தார். மூன்றாவதில் மூனிச்சுக்குப் பயந்தார். மூன்று தடவையும் எதிரில் இருந்தது மூன்று வேறு குடும்பங்கள். அவர்களை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. எப்போதும் போன கல்யாணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் போனேன்.

"அங்கன நீ என்ன பாத்தம்மா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட யாரு கேட்டா?"

"நான் கேக்கேன்."

அம்மா உள்ளறையில் அந்தத் தாயோடுதான் உட்கார்ந்திருந்தாள். பார்த்தவற்றைச் சொன்னாள். நாற்காலிப் பக்கத்திலேயே ஒரு செம்பும் டம்ளரும். எது வேண்டுமானாலும் அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள். சேலை நுனி கீழே விழுந்தபோது குனிந்து எடுக்காமல் விட்டுவிட்டாள். அம்மா எடுத்துக் கொடுத்தபோது கையைச் செத்த நேரம் பிடித்துக்கொண்டாள். இலையை எடுக்கச் சொன்னபோது அவள் கண் கலங்கியது. ரேஷன் அரிசிக் காலத்தில் அத்தனை பேருக்குச் சோறு வடிக்க எத்தனை நாள் மிச்சம் பிடித்தார்களோ என்று அம்மாவுக்கு அன்றிலிருந்து நெஞ்சில் கிடந்தது.

"எந்திரிக்க மாட்டேன்னு இருக்கல ஏட்டி. எந்திரிக்க முடியல" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். கல்யாணம் முடியாத பெண் அந்த வீட்டுக்குப் போகலாமா என்று அம்மா வழியெல்லாம் யோசித்தாள். இறங்கிய பிறகு யோசிப்பதை விட்டுவிட்டாள்.

ஹவில்தார் வாசலில் எங்களைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். அந்த அம்மாள் அதே நாற்காலியில் இருந்தாள். வாங்க என்றாள். எழுந்திருக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்தோம். கம்பியில் வந்த செய்தியைத் திருப்பிச் சொல்வதைப் போல் நான் நேரடியாகக் கேட்டேன். நீங்கள் எங்களை முதலில் சாப்பிட வரச் சொன்னீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சேலை கொடுக்க முடியாததால் அப்படிச் சொன்னீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவள் தன் கணவரைப் பார்த்தாள். பிறகு என்னை.

"போன மழையில பின்வாசப் படியில விழுந்தேம்மா. இடுப்பு போச்சு. நாலு எட்டு வைக்க ரெண்டு பேரு பிடிக்கணும். பஸ்ஸுல எங்கன ஏற?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள் அம்மா.

"எப்படிச் சொல்ல? பிள்ளை வேலைக்குப் போற பிள்ளை. நடமாட்டமில்லாதவளுக்குத் தண்ணி மோந்து குடுக்க ஆளு தேடுதாகன்னு நெனச்சுட்டா? ரெண்டு வாய் சாப்பிட்டு, முகம் பாத்துப் பேசுன பொறவு சொல்லலாம்னு இருந்தேன்."

அம்மா நாற்காலிப் பக்கத்துச் செம்பைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்தாள். பிறகு மெதுவாக, "கை நனைச்ச பொறவு சொன்னா, நாங்க மாட்டோம்னு சொல்ல முடியாதுன்னும் நெனச்சிய" என்றாள்.

"ஆமா" என்றாள் அந்த அம்மாள். மறைக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது எங்கள் அம்மாதான்.

ஆக, சித்தப்பாவின் சந்தேகத்திலும் ஒரு பாதி சரி. அந்தச் சோற்றுக்குள் ஒரு நிபந்தனை இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அவர் தேடிய நிபந்தனை அல்ல. அவர் அதிகாரத்தைத் தேடினார். இருந்தது கூச்சம்.

என் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். வேலையை விட மாட்டேன் என்றேன். காலை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வேன், மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். அதுவரை உங்களைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? ஊருக்குள்ளேயே மடவார் வளாகத்தில் தன் அக்காள் மகள் இருக்கிறாள், பகலில் வந்து இருப்பாள் என்றாள். கேட்டாகிவிட்டதா என்றேன். இன்னும் கேட்கவில்லை என்றாள். அப்படியானால் கேட்ட பிறகு எங்களுக்குச் சொல்லுங்கள் என்றேன். ஹவில்தார் அதைக் கேட்டு, எதற்கோ தலையை ஆட்டினார். பட்டாளத்தில் அவருக்குப் பழக்கமான குரல் போலிருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு மடவார் வளாகத்துக்குப் புறப்பட்டார். திரும்பி வந்து, வருகிறாளாம் என்றார்.

"இலை போடுங்க" என்றாள் அம்மா.

அன்றைக்குக் கறி இல்லை. முந்தின நாள் குழம்பும் துவையலும்தான். அந்த அம்மாள் அதற்காகக் கூசினாள். அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சித்தப்பா ரகசிய ஒப்பந்தம் என்றார். சம்பந்தப்பட்டவர்களைக் கலக்காமல் செய்த ஒப்பந்தங்கள் ஐரோப்பாவை எங்கே கொண்டுபோய் விட்டன என்று ஆரம்பித்தார். சம்பந்தப்பட்டவள் நான்தான், என்னைக் கலந்துகொண்டுதான் நடந்தது என்றேன். அப்பா மெல்ல, "என்ன குழம்பு?" என்று கேட்டார்.

இரண்டு நாள் சித்தப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து, அந்த அம்மாள் உட்கார்ந்தபடியே வாங்க என்றபோது அவள் கை எங்கே இருந்தது என்று அம்மாவிடம் விசாரித்தார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றாள் அம்மா. எழுந்திருக்கப் பார்த்தாளோ என்றார். பார்த்தாள் என்றாள் அம்மா. "எனக்குத் தெரியலையே மதினி" என்றார். அம்மா அவருக்குக் காபி கொண்டுவரப் போனாள்.

வாசகசாலைப் பேச்சுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். பெண்கள் பக்கத்தில் நானும் அம்மாவும் பெரியக்காவும் இருந்தோம். சித்தப்பா வியன்னாவிலிருந்து தொடங்கினார். வெர்சேல்ஸைச் செய்தவர்கள் தங்களுக்கு முந்தியவர்களின் தவற்றைத் திருத்துவதாக நினைத்தார்கள், மூனிச்சைச் செய்தவர்கள் வெர்சேல்ஸைத் திருத்துவதாக நினைத்தார்கள் என்றார். இன்றைக்குப் பெரிய தேசங்களின் பத்திரிகைகள் யார் எது கேட்டாலும் மூனிச், மூனிச் என்கின்றன; நாளைக்கு நம்முடைய ராஜ்யத்தை நடத்தப் போகிறவர்களும் பக்கத்துத் தேசம் ஒன்று வாய் திறந்தவுடன் பழைய புத்தகத்தைப் பிரித்து அதற்குப் பெயர் வைத்துவிடக் கூடாது என்றார். பெயர் வைப்பது சுலபம். போன தடவை எதிரில் இருந்தவருக்கும் இந்தத் தடவை இருப்பவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பதுதான் சிரமம். சரித்திரம் அந்தக் கேள்வியைத்தான் கற்பிக்கும், பதிலை அல்ல என்றார். பேச்சு நன்றாக இருந்தது. முந்தின வாரம் வரை அவர் என்னிடம் பேசிக் காட்டியதில் ஒரு வாக்கியமும் இதில் இல்லை.

தலைமை வகித்தவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் தெலுங்குக்காரர், மில்லில் பெரிய உத்தியோகம். அவர் கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார். "சரேலண்டி, சரிதான். ருஷ்யா இன்னிக்கு ஒண்ணு கேக்குது. அது மூனிச்சா, இல்லையா? முதல்ல என்ன செய்யணும்?"

சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல்ல, அவிய வீட்டு அம்மா ஏன் எந்திரிக்கலைன்னு கேக்கணும்" என்றார்.

சபையில் யாருக்கும் புரியவில்லை. ஏதோ ஆழமாகச் சொல்லிவிட்டார் என்று கை தட்டினார்கள். பெரியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அம்மா மட்டும் நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனாரைப் பார்த்து அவள் அப்படிப் பெருமைப்பட்டதை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

சரித்திரம் படித்தவர்கள் எல்லோரும் சித்தப்பாவைப் போல் ஒரு நாற்காலிக்கு முன்னால் போய் நின்று தெரிந்துகொள்ள முடியாது என்பது எனக்கும் தெரியும். தேசங்களின் உள்ளறையில் அம்மாவைப் போல் யாரும் போய் உட்கார முடியாது. ஆனால் ஒவ்வொரு தேசமும் வெளியூருக்கு ஆள் அனுப்பித்தான் வைக்கிறது. அவர்கள் பார்க்கிறார்கள். பார்த்ததை எழுதியும் அனுப்புகிறார்கள். ஊரில் இருக்கிற மந்திரிகளுக்குப் போன யுத்தம் ஞாபகத்தில் இருப்பதால், வந்ததைப் படிக்க நேரம் இருப்பதில்லை. அம்மா போய் வந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. நான் படித்த அளவில், பெரிய ஒப்பந்தங்கள் பலவும் கெட்டது இந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது.

இன்றைய நிலைமை இது. சேலையைச் சித்தப்பாவே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், அந்த அம்மாளின் கையிலிருந்து வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். அங்கே சாப்பிட்டும் வந்தார். கோயிலில் இரண்டு ஞாயிறு எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று, ஒரு ஞாயிறு பாக்கி. லெந்துக்கு முன்னால் நாள் கிடைக்கவில்லை. ஈஸ்டர் கழிந்து கல்யாணம். அந்த அம்மாளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக வசதியாக, கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில். பந்தி ஒன்றுதான். காலை ஷிப்ட் எனக்குக் கிடைத்துவிட்டது. மடவார் வளாகத்துப் பெண் பகலில் வந்து இருக்கத் தொடங்கிவிட்டாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் இருப்பது என்பது இன்னும் பேசி முடியவில்லை. என் ஆர்மோனியம் சின்னக்காவின் மாமனார் வீட்டில் இருக்கிறது.